பென்சிலில் இருக்கும்போதே

பாம்பன்,
ஜூலை, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மெஹர்,

இங்கு எல்லோரும் நலம். வாப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஜெயந்தி சொன்னாள். நீ கீழக்கரை வரை வந்து, பாம்பனுக்கு எட்டிப் பார்க்காமலே திருச்சிக்குப் பஸ் ஏறினதையும் அவள்தான் சொன்னாள். அதை நேரில் பேசிக்கொள்கிறேன், உன்னைச் சும்மா விடுவதாக இல்லை.

போனில் கேட்டாயே, “32 பக்கப் புத்தகம், பக்கத்துக்கு நாலு வரி, அதுக்கு ஒரு வருஷமாடீ?” என்று. பின்னால் மச்சான் சிரித்ததும் கேட்டது. பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. அதனால் எழுதியே அனுப்புகிறேன், மச்சானுக்கும் வாசித்துக் காட்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது. கடைசிப் படத்தின் பென்சில் வரைவுக்கு நேற்றுச் சம்மதம் வந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நான் படம் வரைகிற இந்தக் குழந்தைகள் புத்தகத்தின் கதை சின்னதுதான். கடலில் பாசி எடுக்கும் ஓர் அம்மா, அவள் ஆறு வயது மகள், அவர்களுடைய ஒரு நாள். எழுதியவர் சென்னைக்காரர். கையெழுத்துப் பிரதி வந்ததும் நான் பென்சிலை எடுப்பதில்லை. முதலில் வாய்விட்டுப் படிக்கிறேன். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே ஒரு கோடு போடுகிறேன். பக்கம் அங்கேதான் பிரியும்.

ஏன் 32 என்று கேள். அச்சகத்தில் ஒரு பெரிய தாளில் அடித்து மடிக்கிற 16 பக்கத்தை ஒரு ஃபாரம் என்பார்கள், 32 என்றால் இரண்டு ஃபாரம், காகிதம் வீணாகாது. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், கடைசி ஒற்றைப் பக்கம் எல்லாம் போக, கதைக்கு எதிரெதிர்ப் பக்கங்களாகப் 14 ஜோடி மிஞ்சும். அந்தப் பதினான்குக்குள் விடிந்து, கடலுக்குப் போய், திரும்பி வந்து, இருட்டவும் வேண்டும். அதற்குத் தீப்பெட்டி அளவில் கட்டம் கட்டமாக ஒரே தாளில் போட்டுப் பார்ப்பேன். முகம் கிடையாது, கைகால் கிடையாது, ஆள் ஒரு முட்டை, படகு ஒரு கோடு. எங்கே நெருக்கம், எங்கே வெறும் தண்ணீர், எழுத்துக்கு எங்கே இடம் என்பது மட்டும்தான்.

நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறவர்கள். அதனால் வலப்பக்கம் பார்த்து நடக்கிற ஆள் போகிற ஆளாகவும், இடப்பக்கம் பார்த்து நடக்கிற ஆள் திரும்புகிற ஆளாகவும் குழந்தைக்குத் தெரியும், யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். எங்கள் அம்மா காலையில் வலப்பக்கமாகப் படகேறுகிறாள், மாலையில் இடப்பக்கமாக வருகிறாள். வலப்பக்கத்துக் கீழ் மூலையில்தான் விரல் வைத்துப் புரட்டுவார்கள், எனவே ஆவலைத் தூண்டும் விஷயம் அங்கே இருக்க வேண்டும். அம்மா முழுகும் இடத்தில் வலப்பக்கம் முழுக்க நீர், மேலே இரண்டு பாதம் மட்டும். புரட்டினால்தான் கடலுக்கடி தெரியும். நடு மடிப்பில் முகம் விழக் கூடாது, பைண்டிங்கில் மூக்கு காணாமல் போய்விடும்.

அப்புறம் ஊர் ஊராக விஷயம் சேகரிப்பது. எனக்கு ஊர் மாற வேண்டியிருக்கவில்லை, பாசி எடுக்கிறவர்கள் இருக்கும் சின்னப்பாலம் நடக்கிற தூரம். பெயர் போடவில்லை, ஓர் அக்கா. பாசிக்குப் போகிறவர்கள் மாதத்தில் 12 நாள்தான் போகிறார்கள், பௌர்ணமியை ஒட்டி 6, அமாவாசையை ஒட்டி 6. மீன் இனப்பெருக்கக் காலத்தில் அதுவும் இல்லை. இது அந்த அக்கா சொல்லி எனக்கு ஒரு பெரிய உதவியானது. கதையில் “நிலா எட்டிப் பார்த்தது” என்று ஒரு வரி. சும்மா வரைந்தால் எந்தக் கையும் அரை நிலாதான் போடும். பாசி நாளில் அரை நிலா வானத்தில் இருக்காது! பௌர்ணமியை ஒட்டிய நாள் என்று முடிவு செய்து, பொழுது சாயும்போது கிழக்கே எழும் பெரிய நிலாவை வைத்தேன். வாசிக்கிற பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்குத் தெரியாது. சின்னப்பாலத்துப் பிள்ளைக்குத் தெரியும், அது போதும்.

அக்காவின் கையைத்தான் அதிகம் வரைந்தேன். பாறையோடு ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது விரல் கிழியும், அதற்குப் பழைய துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலாகச் சுற்றுகிறார்கள். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து சுற்றிக் காட்டினார். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, பெருவிரலில் தொடங்கி, முட்டிக்கு முட்டி இறுக்கி, கடைசியில் முடிச்சை உள்ளங்கைப் பக்கம் வைக்கிறார். வெளிப்பக்கம் இருந்தால் பாறையில் மாட்டுமாம். அந்த முடிச்சு புத்தகத்தில் உள்ளங்கைப் பக்கம்தான் இருக்கிறது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்கு முழுகும்போது போடும் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. இவையெல்லாம் உறுதியான பிறகு அம்மாவை மட்டும் ஒரு பெரிய தாளில் முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு, சிரிப்பு, கோபம், களைப்பு என்று நிரப்பினேன். மகளுக்கும் அப்படியே. 4ஆம் பக்கத்துப் பெண்தான் 27ஆம் பக்கத்துப் பெண் என்று குழந்தை நம்ப வேண்டும். தலை கொஞ்சம் பெருத்துவிட்டால்கூட வேறு வயதாகிவிடும்.

பாலம் வேண்டுமே என்றார்கள் பதிப்பகத்தில். பாம்பன் என்றாலே எல்லோருக்கும் பாலம்தான். சரி, எந்தப் பாலம்? 1914இல் திறந்த பழைய பாலத்தில் கப்பலுக்கு வழிவிட நடுவிலிருக்கும் இரண்டு துண்டும் கையைத் தூக்குவது மாதிரி இருபுறமும் மேலே எழும்படி செய்திருந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதியதில் நடுத்துண்டு முழுசாக, கிடையாகவே மேலே போகும். எதை வரைகிறோமோ அதுவே கதையின் காலத்தைச் சொல்லிவிடும். கதை இப்போது நடக்கிறது, ஆகவே புதியது, அதுவும் தூரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும். கதை பாலத்தைப் பற்றியதல்ல.

இதெல்லாம் பென்சிலில் பெரிதாகப் போட்டு, வெட்டி, ஒட்டி, நடுவில் பின் அடித்து ஒரு வெள்ளைப் புத்தகம் செய்வோம். டம்மி என்பார்கள். அதை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மெதுவாகப் புரட்டினார், கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். அங்கே எழுத்து இவ்வளவுதான்: “அம்மாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். எனக்குப் பெரிதாக இருந்தது.” படத்தில் மகள் கண்ணாடியோடு கரையில் கடலைப் பார்த்து நின்றாள். அக்கா கேட்டார்: “ஏத்தா, இதப் பார்த்துட்டு எம்பொண்ணு இந்த வேலைக்கே வந்துருமா?”

மெஹர், எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அக்கா தன் வேலையைக் கேவலமாக நினைக்கிறவர் இல்லை. ‘எங்க கையில காசு வர்றது இதுனாலதான்’ என்று நிமிர்ந்து சொல்கிறவர். ஆனாலும் மகள் படிக்க வேண்டும் என்பது அவர் உயிர். அந்தப் புத்தகம் மகளைக் கடலைப் பார்த்து நிறுத்தி முடித்துவிட்டால், அவர் சார்பில் யார் பேசுவது? எழுத்தில் ஒன்றும் மாற்ற முடியாது, மாற்றத் தேவையும் இல்லை. எழுத்து சொல்லாததைச் சொல்லத்தானே படம் இருக்கிறது. இந்த வேலையில் எனக்கு உயிரே அதுதான். எழுதியதையே மறுபடி வரைந்து காட்டுவதற்கு ஓர் ஆள் எதற்கு?

பென்சிலில் இருக்கும்போதே இதற்கு இடம் உண்டு. வண்ணத்துக்குப் போன பிறகு ஒரு பெண்ணைத் திருப்பி நிறுத்துவது என்றால் தாளையே தூக்கிப் போட வேண்டியதுதான். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இப்போது கடைசிப் படத்தில் மகள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறாள். பள்ளிச் சீருடை, மூக்கு நுனிக்கு வழுக்கி வந்த கண்ணாடி, மடியில் விரித்த நோட்டு, அவளும் எதையோ எழுதுகிறாள். பக்கத்தில் அம்மா விரல் துணியை அவிழ்த்துக்கொண்டே நோட்டை எட்டிப் பார்க்கிறாள். எழுத்து அதே இரண்டு வரி. அவள் என்ன ஆவாள் என்று படம் சொல்லவில்லை, ஒரே பக்கம் பார்த்து நிற்கவும் வைக்கவில்லை. எழுதியவர் பார்த்துவிட்டு, “இதைத்தான் நான் எழுதியிருக்க வேண்டும்” என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

மச்சான் நிச்சயம் ‘அதான் கம்ப்யூட்டர் இருக்கே’ என்பார். இருக்கட்டும், நிறையப் பேர் டேப்லெட்டில் அருமையாக வரைகிறார்கள், நானும் சில வேலைகளை அதில்தான் செய்கிறேன். இதுவரை எழுதியதில் ஒன்றையும் அது குறைக்காது.

வண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேஜைக் கண்ணாடிக்குக் கீழே டியூப்லைட் வைத்து, பென்சில் படத்தின் மேல் தடித்த 300 ஜிஎஸ்எம் தாளைப் போட்டுக் கோடுகளை ஏற்றுவேன். வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான், ஆகவே நுரை இருக்கும் இடத்தை வண்ணம் படாமல் முதலிலேயே மறைத்துவிட வேண்டும். வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் பிறகு. கடலுக்கடிப் பக்கங்களுக்கு வாலிநோக்கம் கல்லுப்பை வாங்கி வைத்திருக்கிறேன். நீலப்பச்சைப் பூச்சு முக்கால் ஈரமாக இருக்கும்போது கல்லைத் தூவினால், ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள நீரை உறிஞ்சும், வண்ணம் விலகும், காய்ந்ததும் தட்டிவிட்டால் அங்கங்கே வெளிறிய பூப்பூவாக நிற்கும். பவளப்பாறை மேல் வெளிச்சம் விழுவது அப்படியே வந்துவிடுகிறது! கச்சான் காற்றில் ஈரமும் உப்புமாக இருப்பதால் இங்கே தாள் காய நேரமாகிறது, அவசரப்பட்டு ஃபேன் போட்டால் ஓரம் கறை கட்டிவிடும்.

ஒரு வயிற்றெரிச்சல். முதல் வண்ண மாதிரி போனதும், “அம்மா முகம் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கலாமே” என்று பதில். பளிச்சென்றால் என்னவென்று உனக்கும் எனக்கும் தெரியும். செம்பழுப்பான பர்ன்ட் சியன்னாவில் அல்ட்ராமரின் நீலத்தைக் கலந்தால் வருகிற அந்த ஆழமான பழுப்பு, வெயிலில் நனைந்த தோளில் ஒரு பக்கம் செம்பாகவும் மறுபக்கம் நீலமாகவும் விழும். அதைவிடப் பளிச்சென்று என்ன இருக்கிறது? மாற்ற முடியாது என்று எழுதினேன். ஒப்புக்கொண்டார்கள். நாம் படித்த புத்தகங்களில் அம்மா என்றால் எல்லோரும் ஒரே நிறம், நினைவிருக்கிறதா? அம்புலிமாமாவில் நாம் தேடித் தேடிப் பார்த்தது சங்கர் வரைந்த வேதாளத்தைத்தான். கத்தியும் கையுமாக, தோளில் பிணத்தோடு விக்கிரமாதித்தன் நடக்கிற அந்தப் படம். 2020இல் சங்கர் போன செய்தி வந்த அன்று உன்னிடம் பேச நினைத்து, பேசாமல் விட்டேன்.

அச்சில் வேறு கவலை. திரையில் தெரிகிற பளீர் நீலப்பச்சை, அச்சின் நான்கு மையில் வராது, மங்கிவிடும். அதனால் அச்சடித்த மாதிரியை, ப்ரூஃபை, பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. இந்தப் புத்தகம் மற்ற மொழிகளிலும் வரப்போகிறது, அப்போது கறுப்பு மைக்கான அச்சுத் தகட்டை மட்டும் மாற்றி எழுத்தை அடிப்பார்கள். எனவே எழுத்து கறுப்பில்தான் இருக்க வேண்டும், படகின் பெயர்கூட படத்தில் எழுதக் கூடாது. ஆங்கிலத்தைவிட நம் தமிழ் அதிக இடம் பிடிக்கும், தீப்பெட்டிக் கட்டத்திலேயே தமிழுக்கு அளந்து இடம் விட்டுவிட்டேன்.

என் பெயர் இந்த முறை அட்டையிலேயே வருகிறது, எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில். ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியாயிற்று, மூலப் படங்களும் எனக்கே திரும்பி வரும். உம்மாவிடம் சொல்.

இத்துடன் டம்மியின் ஒரு நகலை வைத்திருக்கிறேன். சின்னவனிடம் கொடு. நீ வாசித்துக் காட்டாதே, விளக்காதே, பக்கத்தில் சும்மா உட்கார். எந்தப் பக்கத்தில் நிற்கிறான், எதற்குத் திரும்பிப் போகிறான், எதைத் தாண்டிவிடுகிறான் என்று மட்டும் குறித்து எழுது. கடைசி மூன்று ஜோடிப் பக்கம் இன்னும் வண்ணம் ஏறாமல் இருக்கிறது, அதனால் இந்த மாதத்துக்குள் பதில் வேண்டும். அவன் அதில் கிறுக்கினால் திட்டாதே, கிறுக்கினதையும் சேர்த்துத் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
செல்வி