குளியல் மக்கில் தொடங்கு

சென்னை

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூளை முடக்குவாதமும் பார்வைக் குறையும் சேர்ந்திருக்கிற 3 வயதுப் பேத்திக்கு நிறம், எண்ணெல்லாம் எப்போது சொல்லித் தரலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு அவசரமில்லை. அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும், முதல் பாடம் அதுதான். சொல்லாமல் கொள்ளாமல் யாரோ தூக்கி, தலையில் தண்ணீர் ஊற்றினால் எந்தக் குழந்தையும் விறைத்துத்தான் போகும்.

குளிக்கத் தூக்குவதற்கு முன்னால் தினமும் அதே மக்கை அவள் கையில் கொடு. கொடுத்த கையோடு பாத்ரூமுக்குப் போய்விடு. நடுவில் போன் வந்து நீ பேச ஆரம்பித்தால், மக்கும் குளியலும் அவள் மனதில் சேராது. சாப்பாட்டுக்கு அவளுடைய ஸ்பூன், வெளியே கிளம்ப அவள் பிடித்துக்கொள்ளும் பையின் வார். இப்போதைக்கு இந்த 3 போதும். வெளியே போகிறோம் என்று காட்டப் பொம்மை ஆட்டோவெல்லாம் வேண்டாம்; பார்க்கிற நமக்குத்தான் அது ஆட்டோ, அவள் விரலுக்கு வெறும் பிளாஸ்டிக். குளித்து முடிந்ததும் இருவருமாக மக்கை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, "முடிஞ்சுது" என்று சொல். அந்த 'டங்'கும் அவளுக்கு ஒரு செய்தி.

மக்கைக் கொடுக்கும்போது மணிக்கட்டைப் பிடித்து இழுக்காதே. பாசத்தில் எல்லோரும் செய்கிற தவறு இது. இழுக்க இழுக்க குழந்தை கையை மூடிக்கொள்ளும். உன் கை அடியில் இருக்கட்டும், அவள் உள்ளங்கை உன் புறங்கை மேல். நீ மக்கின் விளிம்பைத் தடவு. அவள் விரல் இறங்கி வந்து தொட்டதும் உன் விரலை மெல்ல விலக்கிக்கொள். பிடிக்காவிட்டால் கையை எடுத்துக்கொள்ள அவளுக்கு வழி இருக்கும்.

பிறகு பேசாமல் இரு. மனதுக்குள் 15 வரை எண்ணு. ஒரு விரல் அசையும், மூச்சு ஒரு கணம் நிற்கும், அதுதான் அவள் பதில். நடுவில் "பாரும்மா, பாரு" என்றால் கவனம் குரலுக்குத் தாவிவிடும். பாதிப்பு மூளையின் பார்வைப் பகுதியில் என்றால், பார்ப்பதும் கேட்பதும் ஒரே நேரத்தில் கடினம். முகத்தைத் திருப்பிக்கொண்டே கையை நீட்டினாலும் அலட்சியம் என்று நினைக்காதே, அது அவள் வழி. மக்கு ஒரே நிறத்தில், சிவப்போ மஞ்சளோ, பின்னால் ஒரு கறுப்புத் துணி.

ஊட்டும்போது பாதம் அந்தரத்தில் தொங்கக் கூடாது. காலுக்கு அடியில் பலகை வை. உடம்பைத் தாங்கவே பலம் போனால் கை எப்படி நகரும்? ஸ்பூன் பழக்கத்தைக் கடைசியிலிருந்து தொடங்கு: நீ எடுத்து, உதட்டுக்கு 1 அங்குலம் வரை கொண்டு போ, மிச்சத்தை அவள் முடிக்கட்டும். அது நிலைத்த பிறகு மார்பளவில் விடு, அப்புறம் தட்டிலிருந்து. சாப்பிடும்போது இருமலோ புரையேறுவதோ இருந்தால், தெரபிஸ்ட் பார்க்கும்வரை இந்த ஸ்பூன் பழக்கத்தை நிறுத்தி வை.

காது கேட்கிறதா என்று பெரா டெஸ்ட் எடுத்தாயிற்றா? இல்லையென்றால் அதை முதலில் முடி. முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) மேலேயே, பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. உட்கார வைக்கும் முறையையும் அங்கே நேரில் காட்டச் சொல்.

ஃபிட்ஸ் மருந்து தருகிறீர்கள் என்றால், எத்தனை மணிக்குத் தூங்கி வழிகிறாள் என்று 1 வாரம் குறித்து வை. அந்த நேரத்தில் எதையும் சொல்லித் தராதே. எந்தப் பக்கம் மக்கை நீட்டினால் சீக்கிரம் கை வருகிறது என்றும் பார்த்து எழுது. அடுத்த பொருளை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
உன் சிநேகிதி