பத்திரத்தில் கயல் பெயரும் வரட்டும்

அன்புள்ள இளங்கோ,

புதுச்சேரி தவளக்குப்பம் மனைக்குக் கயலின் நகையை விற்றுப் பணம் கட்டிவிட்டு, பத்திரத்தை உன் பெயரில் மட்டும் போடலாம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் சம்மதம் இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் கணக்கென்ன என்பாய். சட்டத்தில் கணக்கு உண்டு.

நம் இந்துக் குடும்பங்களில் கல்யாணம் ஆனதாலேயே ஒருவர் சொத்தில் மற்றவருக்குப் பாதி வந்துவிடாது. பத்திரம் யார் பெயரிலோ, பொதுவாகச் சொத்து அவருடையதுதான். கணவன் சவுதியில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு என்று 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அது வருவதற்குள் அந்தக் கணவரே இறந்துபோனார். அப்படிக் கோர்ட்டுக்கு அலைவதைவிடப் பத்திரத்தில் இரண்டு வரி சேர்ப்பது சுலபம்.

கயலுக்கு அவள் தாய்வீட்டில் போட்டதும் நாம் போட்டதும் சீதனம். முழுக்க அவளுடையது. கஷ்டகாலத்தில் கணவன் எடுத்துப் பயன்படுத்தலாம், திருப்பித் தரும் கடமையும் அவனுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024-லும் சொல்லியிருக்கிறது. அதனால் முதலில் அவளிடம் கேள். விற்க மனமில்லை என்றால் அந்தப் பேச்சை அத்தோடு விடு.

சம்மதித்தால், நகை விற்கும் பில் அவள் பெயரில் இருக்கட்டும். பணம் அவள் வங்கிக் கணக்குக்கு வந்து, அங்கிருந்து நேராக விற்பவர் கணக்குக்குப் போகட்டும். உன் கணக்கு வழியாகச் சுற்றினால் பிறகு யார் பணம் என்று காட்டுவது கஷ்டம். மனை 30 லட்சம், நகைப் பணம் 12 லட்சம் என்றால், கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரோடு உனக்கு 60 சதவீதம், அவளுக்கு 40 என்று எழுதச் சொல். பங்கு எழுதாமல் விட்டு, யார் எவ்வளவு போட்டார் என்பதற்கும் சான்று இல்லையென்றால் சமபங்கு என்றே கொள்வார்கள். முன்பணத்தில் ரொக்கமாகக் கொடுப்பது 20,000 ரூபாயை எட்ட வேண்டாம். ரொக்கத்தைக் கைநீட்டி வாங்கும் விற்பவருக்கு அதே அளவு அபராதம் என்பதால் ஒழுங்கான ஆள் கேட்கவும் மாட்டார்.

வங்கிக் கடனில் இருவரும் கையெழுத்துப் போட்டால், நீ கட்டாத தவணைக்கும் அவள் முழுப் பொறுப்பு. பெயரே இல்லாத மனைக்கு அவள் கடன்காரியாகக் கூடாது.

விற்பவர் குடும்பத்தையும் விசாரி. புதுச்சேரியில் 1881 ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போன ரெனோன்சான் குடும்பங்கள் உண்டு. இந்து வாரிசுச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. கல்யாணத்துக்குப் பின் வாங்கிய சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொதுவாக இருக்கலாம். அப்படிப்பட்டவர் என்றால், பிரெஞ்சு சட்டம் தெரிந்த வக்கீலிடம் காட்டாமலும், மனைவி கையெழுத்து இல்லாமலும் பணம் கொடுக்காதே.

சொல்லக் கூடாத பேச்சுதான், ஆனாலும் எழுதுகிறேன். உயில் இல்லாமல் உனக்கு ஏதாவது ஆனால், உன் பங்கு மனைவி, பிள்ளைகள், தாய் என்று தலைக்கு ஒன்றாகப் பிரியும். அதாவது கயல் மனையை விற்க என் கையெழுத்தும் வேண்டும். பிள்ளை இல்லாத நிலையில் உனக்குப் பின் கயலும் போய்விட்டால், அவள் பங்கு கணவனின் வாரிசுகளுக்கு, அதாவது எனக்கு வரும். சம்பந்தி வீட்டார் போட்ட நகையில் வாங்கியது அவர்களுக்கே இல்லாமல் என்னிடம் வருவது எந்த நியாயம்? ஆளுக்கொரு உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், சாட்சிகள் இருவர் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள்.

கிரயப் பத்திர வரைவு வந்ததும், முன்பணம் கொடுக்குமுன் கயலுக்கும் எனக்கும் ஒவ்வொரு நகல் அனுப்பு.

அன்புடன்,
அம்மா