கறிவேப்பிலையை விட்டுக்கொடுத்தவர்களுக்கு நன்றி

அங் மோ கியோவில் எங்கள் புளோக்கின் அண்டைவீட்டார் அனைவருக்கும் வணக்கம்.

வாகன நிறுத்துமிடத்தை ஒட்டிய துண்டு நிலம் இன்று கத்திரியும் வெண்டையும் பாகலுமாகக் காய்க்கிறது. 2005இல் சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கி வழிகாட்டியது உண்மைதான். ஆனால் மண்ணில் கை வைத்தவர்கள் நீங்கள். பெயர் போட்டால் கூச்சப்படுவீர்கள் என்பதால் ஆளைச் சொல்லவில்லை, உரியவர்களுக்குப் புரியும்.

காப்பிக்கடைக்காரருக்கு முதல் நன்றி. காப்பிச் சக்கையையும் முட்டை ஓட்டையும் தனி வாளியில் சேர்த்து வைக்கிறார். கெட்டியாகக் கிடந்த மண்ணை இப்போது விரலால் கிளறினாலே மண்புழு நெளிகிறது. பாகற்பந்தல், சீன மாமா ஒருவர் துணி உலர்த்தும் பழைய மூங்கில் கழிகளைக் கொண்டு கட்டியது. பாண்டான் கன்று மலாய் அம்மா (மக்சிக்) ஒருவர் தந்தது.

பெரிய நன்றி, கறிவேப்பிலை பறிக்க வந்து வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு. இலையில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கொண்டிருந்தது கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்றின் இளம்புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பை நீட்டி நாற்றம் விடும். பார்க்க அழகு, மோந்து பார்க்க வேண்டாம்! கிளை மொட்டையாகியும் யாரும் பூச்சிமருந்து கேட்கவில்லை. அந்தப் பொறுமைக்குக் கத்திரிச்செடியே பலன் தந்திருக்கிறது. கத்திரிப்பூவின் மகரந்தம் குழலுக்குள் அடைந்திருக்கும். நீலப்பட்டைத் தேனீ பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிரவைத்து அதை உதிர்க்கிறது. மருந்து தெளித்திருந்தால் அதுவும் செத்திருக்கும்.

மிளகாயைச் சின்னான் குருவி கொத்துகிறது என்று குறைபட்ட ஐயாவே பிறகு ஒரு செடியை அதற்கென்று விடச் சொன்னார். அவருக்குத் தனி நன்றி.

பறவைகளுக்கு வைத்த சட்டியில் தண்ணீர் தேங்கவிடாமல் மாற்றும் பிள்ளைகளே, டெங்கி பயமின்றித் தோட்டம் நடப்பது உங்களால்தான். உங்கள் அம்மாக்களிடமும் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை பாகல், வெண்டை பறித்துப் பகிர்கிறோம். பை எடுத்து வாருங்கள். கறிவேப்பிலை மட்டும் துளிர்க்கும்வரை தேக்கா சந்தையில்தான் வாங்க வேண்டும்.

அன்புடன்,
தோட்டக் குழு ஒருங்கிணைப்பாளர்