கலை கற்றால் போதுமா, வெடியுப்பு வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினி விளையாட்டுகள் மூலம் பிள்ளைகள் வரலாறு கற்கலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ஜப்பானின் உள்நாட்டுப் போர்க் காலத்தை வைத்துச் செய்த 'டோட்டல் வார்: ஷோகன் 2' பற்றியும் ஒரு பத்தி இருந்தது; ஒரு நாட்டில் தொழில்நுட்பம் எப்படி வளர்கிறது என்பதை அது அழகாகக் காட்டுகிறதாம். 2011இல் வெளியானதிலிருந்து அதை ஆடி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், விளையாட்டு அருமை, அதில் சந்தேகமே இல்லை, ஆனால் கட்டுரை பாராட்டிய அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது கிட்டத்தட்ட தலைகீழாக இருக்கிறது.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஆட்டம் 1545இல் தொடங்கும். நீங்கள் ஒரு குலத்தின் தலைவர். ஒரு டர்ன் என்பது ஒரு பருவம், நாலு டர்ன் போனால் ஒரு வருடம். 'கலைகள்' என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் புஷிடோ வழி, சீ வழி என்று இரண்டு கிளைகள். முதலாவது படைக்கு, இரண்டாவது நிர்வாகத்துக்கும் வணிகத்துக்கும். ஒரு நேரத்தில் ஒரு கலையைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், இத்தனை பருவம் என்று கணக்கு ஓடும், முடிந்ததும் மணி அடித்தது மாதிரி அது உங்களுக்கு வந்துவிடும். வெடிமருந்துக் கலையும் அப்படித்தான். கற்றுவிட்டால், பட்டறை கட்டக் காசும் இருந்தால், துப்பாக்கி வீரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அதாவது விளையாட்டின் கணக்குப்படி கடினமானது அறிவு. அறிவு கிடைத்துவிட்டால் மிச்சமெல்லாம் பணம்.

நடந்தது என்ன? 1543இல் தனேகஷிமா தீவில் ஒரு சீனக் கப்பல் ஒதுங்கியது, அதில் வந்த போர்ச்சுகீசியர்களிடம் திரியைப் பற்றவைத்துச் சுடும் திரித் துப்பாக்கிகள் இருந்தன. தீவின் இளம் தலைவர் தொகிதக்கா இரண்டை வாங்கி, யாயித்தா கின்பேய் என்ற வாள் கொல்லரிடம் கொடுத்து இதே மாதிரி செய் என்றார். குழலெல்லாம் வந்துவிட்டது. அதன் பின்முனையைத் திருகி அடைக்கும் வேலை மட்டும் பிடிபடவில்லை, மரை வெட்டுவது அங்கே பழக்கத்தில் இல்லாத வேலை. மறுவருடம் வந்த கப்பலில் இருந்த ஒரு போர்ச்சுகீசியக் கொல்லரிடம் அதையும் கற்றுக்கொண்டார்கள். அவ்வளவுதான், முடிந்தது. சக்காய் துறைமுக நகரத்து வணிகர் ஒருவர் அந்தத் தீவிலேயே தங்கி வேலையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார், கீ மாகாணத்து நெகோரோ கோயிலுக்கும் ஒரு துப்பாக்கி போனது, சில வருடங்களுக்குள் சக்காய், நெகோரோ, ஓமி மாகாணத்தின் குனித்தோமோ ஆகிய மூன்று இடங்களிலும் பட்டறைகள் ஓடின. விளையாட்டு தொடங்கும் 1545க்கு முன்பே கொல்லனின் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றால் பாருங்கள். இதில் இன்னொரு வேடிக்கை, ஆட்டத்தில் பக்கத்துக் குலம் கற்ற கலை நமக்கு வராது, நாமும் முதலிலிருந்து கற்க வேண்டும். நிஜத்தில் அது நடந்து வந்தது, கப்பலேறி வந்தது, காசு கொடுத்தால் வந்தது.

வராதது வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

வெடிமருந்துக்கு மூன்று சரக்கு வேண்டும். கரி ஜப்பானில் எங்கும் உண்டு. எரிமலை நாடு என்பதால் கந்தகம் தாராளம், வெளிநாட்டுக்கே ஏற்றுமதி செய்தார்கள். வெடியுப்புதான் கிடையாது, அந்த ஈரமான மண்ணில் அது இயற்கையாகப் பூப்பதில்லை. ஆக முக்கியச் சரக்கு சீனாவிலிருந்தோ தென்கிழக்கு ஆசியாவிலிருந்தோ கப்பலில் வந்தாக வேண்டும், குண்டுக்கு வேண்டிய ஈயத்திலும் ஒரு பகுதி சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்தது. யார் கையில் துறைமுகமோ அவர் கையில்தான் துப்பாக்கி. 1567இல் கியூஷூ தீவின் குலத்தலைவர் ஓத்தோமோ சோரின், ஏசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் அமைப்பைச் சேர்ந்த ஆயர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் கேட்டதே இதுதான்: எனக்கு வெடியுப்பு அனுப்புங்கள், என் எதிரி மோரி குலத்துக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி வேண்டும் என்றோ, செய்முறை வேண்டும் என்றோ அவர் கேட்கவில்லை. ஓத்தோமோவும் மோரியும் இந்த விளையாட்டில் நாம் எடுத்து ஆடக்கூடிய குலங்கள்தான். ஆட்டத்தில் குதிரை உண்டு, இரும்பு உண்டு, மரம், கல் எல்லாம் வணிகச் சரக்காக உண்டு, வெடியுப்பு மட்டும் இல்லை!

அந்தக் காலத்தின் பெரும் போர்த்தலைவர் ஓதா நொபுனாகா 1568இல் தலைநகர் கியோத்தோவுக்குள் நுழைந்ததும் சக்காய் நகரத்திடம் 20,000 கான் (அன்றைய நாணயக் கணக்கு) போர்ப்பணம் கேட்டார், நகரம் முரண்டுபிடித்து, கடைசியில் பணிந்தது. அவர் எதிர்பார்த்தது பணம் மட்டும்தானா? துப்பாக்கிப் பட்டறைகளும் வெடியுப்பு இறங்கும் துறையும் ஒரே ஊரில் இருந்தன, அங்கே இமாய் சோக்யூ போன்ற வணிகர்கள் இருந்தார்கள். பின்னால் குனித்தோமோவும் அவர் கைக்கு வந்தது. எதிர்ப்பக்கம் தக்கேதா குலத்தைப் பாருங்கள். 1575 நாகஷினோ போரில் குதிரைப்படையை நம்பித் துப்பாக்கியிடம் தோற்ற பழமைவாதிகள் என்று எல்லோரும் அவர்களைத்தான் சொல்கிறார்கள். (நொபுனாகாவின் 3,000 துப்பாக்கிகள் மூன்று வரிசையாக மாறி மாறிச் சுட்டன என்ற கதையை இப்போது பல ஆய்வாளர்கள் ஏற்பதில்லை, அது வேறு பஞ்சாயத்து.) ஆனால் தக்கேதாவிடமும் துப்பாக்கி இருந்தது, அதன் அருமையும் தெரிந்திருந்தது. அவர்களுடைய காய் மாகாணம் நாலு பக்கமும் மலை. ஈயம் போதாமல் கோயிலில் சேர்ந்த செல்லாக் காசுகளை வாங்கிக் குண்டு வார்க்கப் பார்த்த குலம் அது. இவர்களையா அறிவில் பின்தங்கியவர்கள் என்பது?

கடல் இல்லாமலும் வெடியுப்பு செய்தவர்கள் உண்டு, ஆனால் அதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. எச்சூ மாகாணத்து கோக்கயாமா மலைக் கிராமங்களில், அந்த உயரமான வைக்கோல் கூரை வீடுகளின் தரைக்கு அடியில் குழி தோண்டி, மண்ணோடு மாசிப்பத்திரி வகைத் தழையும் பட்டுப்புழு எச்சமும் கலந்து, வருடாவருடம் கிளறிவிட்டு, நாலைந்து வருடம் கழித்துத்தான் முதல் உப்பை எடுப்பார்கள். 1570 முதல் 1580 வரை நொபுனாகாவோடு மல்லுக்கட்டிய, சொந்தப் படை வைத்திருந்த ஹொங்கான்ஜி பௌத்தக் கோயிலுக்கு அங்கிருந்து வெடியுப்பு போனதாகச் சொல்கிறார்கள். அந்த வீடுகளைப் பார்க்க இன்று உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பேருந்து பேருந்தாகச் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். ஆட்டத்தில் ஒரு மவுஸ் கிளிக்.

விளையாட்டைச் செய்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். அவர்கள் சரியாகப் பிடித்த இடமும் இருக்கிறது. போர்ச்சுகீசியருக்குத் துறைமுகத்தைத் திறந்துவிட்டால் கலை கற்காமலே துப்பாக்கி இறக்கலாம், ஆனால் கூடவே கிறிஸ்தவம் பரவும், மாகாணத்தில் கலகம் மூளும். இது நிஜம். கியூஷூவின் இன்னொரு குலத்தலைவர் ஓமுரா சுமித்தாதா 1563இல் ஞானஸ்நானம் பெற்றார், 1580இல் நாகசாகியையே ஏசு சபையிடம் ஒப்படைத்தார், அந்தக் கணக்கில் கப்பல் வணிகமும் இருந்தது. சரக்குக்கு விலை உண்டு என்பதை அந்த ஒரு இடத்தில் விளையாட்டு நன்றாகவே உணர்த்துகிறது.

அப்புறம் இதன் தொடர்ச்சியாக 2012இல் வந்த 'ஃபால் ஆஃப் தி சாமுராய்'. 1864இல் தொடங்கும் இதில் குலத்தை நவீனமாக்க நவீனமாக்க மக்களின் அதிருப்தியும் ஏறும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனால் அங்கேயும் ரயில் பாதை போட முடிகிறது! ஜப்பானின் முதல் ரயில் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ஓடியது 1872இல், இந்த ஆட்டம் காட்டும் உள்நாட்டுப் போர் முடிந்து மூன்று வருடம் கழித்து, அதுவும் ஆங்கிலேயப் பொறியாளர்களை வரவழைத்து. அதற்கும் முன்னால் சாகா குலம் 1850இல் ஒரு டச்சுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரும்புப் பீரங்கி வார்க்க உலை கட்டியது. புத்தகம் கையில்தான் இருந்தது, ஆனாலும் வார்ப்பு திரும்பத் திரும்பக் கெட்டது. வெப்பம் தாங்கும் செங்கல் வேண்டும், சரியான இரும்பு வேண்டும், சூளையின் சூடு பார்த்துப் பழகிய ஆள் வேண்டும்.

ஒரு விளையாட்டில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது என்பது எனக்கும் புரிகிறது, யாரும் பட்டுப்புழு எச்சம் அள்ளுவதற்காகக் காசு கொடுத்து வாங்குவதில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு இதை வரலாறு என்று சிபாரிசு செய்யும் கட்டுரை அந்த ஓட்டையையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வீட்டில் ஆடும் பிள்ளைகள் இருந்தால் ஒரு விதியைச் சேர்த்து ஆடச் சொல்லுங்கள்: தக்கேதாவை எடு, கலை கற்றிருந்தாலும் உன் கையில் ஒரு துறைமுகமாவது இல்லாதவரை ஒரு துப்பாக்கி வீரனையும் சேர்க்காதே, துறைமுகம் பறிபோனால் இருக்கும் துப்பாக்கிப் படையையும் கலைத்துவிடு. கடலைத் தேடி எந்தப் பக்கம் இறங்குவது, வழியில் யாரைப் பகைப்பது என்று முதல் பத்து டர்னுக்குள்ளேயே மண்டை காயும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோவை