அந்தப் பாட்டைக் கேட்டேன், தம்பி

தம்பி,

நீ அனுப்பிய 'லா யோரோனா' பாட்டை மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'சும்மா கேட்டுப் பாரும்மா' என்று மட்டும் போட்டிருந்தாய். சும்மா அனுப்புகிற பாட்டா அது? ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாத எனக்கே நெஞ்சை அடைத்தது, அப்புறம் உன் தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்து வரிவரியாக அர்த்தம் பார்க்கச் சொன்னேன்.

'லா யோரோனா' என்றால் அழுகிறவளாம். பெற்ற பிள்ளைகளையே ஆற்றில் முக்கிவிட்டு ராத்திரியெல்லாம் அழுதுகொண்டு அலைகிற ஒருத்தியின் கதை மெக்சிகோவில் உண்டாமே, அந்தப் பெயரைச் சொல்லித்தான் பாட்டில் வருகிறவன் தன் மனசுக்குப் பிடித்தவளைக் கூப்பிடுகிறான். ஆனால் பாட்டு முழுக்க அழுவது அவன்தான். ஒருநாள் கோயிலிலிருந்து நீ வெளியே வந்தாய், நீ போட்டிருந்த சட்டையின் அழகில் மாதாவே வருகிறாள் என்று நினைத்தேன் என்கிறான்.

மெக்சிகோவில் வஹாகா பக்கத்துப் பாட்டு என்று தங்கை சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. உனக்குப் பிடித்த அந்தப் பெண்ணின் ஊர் அங்கேதான் என்று போன வருஷம் நீ சொன்னாய், அந்தப் பக்கத்துத் தெஹுவாந்தெபெக் பெண்கள் பெரிய பெரிய பூவாக நூல்வேலை செய்த சட்டை போடுவார்கள் என்று படம்கூட அனுப்பினாய். தீபாவளிக்குப் பிறகு அவள் பேச்சையே நீ எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

யார் கட்டியதென்றே தெரியாத பாட்டாம், கண்ணிகளும் எத்தனையோ உண்டாம், பாடுகிறவர் தனக்கு வேண்டியதை எடுத்துப் பாடி வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாமாம். நீ அனுப்பியது சவேலா வர்காஸ் என்ற பாடகி பாடியது. 1919ல் கோஸ்டா ரிகாவில் பிறந்து, சின்ன வயதிலேயே மெக்சிகோ வந்து, பேர் வாங்கி, குடியால் பல வருஷம் மேடைப்பக்கமே வராமல் கிடந்து, எழுபது வயதுக்கு மேல் திரும்பி வந்தவராம். அந்தக் குரலில் அது தெரிகிறது. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அப்படியே நிற்கிறார், அடுத்த சொல்லுக்கு அவசரமே இல்லை. கடைசியில் உயிரையே கொடுத்துவிட்டேனே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிற இடத்தில் பாட்டே இல்லை, கத்துகிறார்.

நீ போனில் 'எல்லாம் சரியாயிடுச்சும்மா' என்கிறாய். எனக்காக நீ சீக்கிரம் சரியாக வேண்டாம், ராஜா. அழுகை வந்தால் அழு, நான் போனை வைக்காமல் இருக்கிறேன்.

உன் சால்வையால் என்னைப் போர்த்து, குளிரில் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வரி வருகிறதே, அங்கேதான் நான் அழுதுவிட்டேன். நீ இருக்கிற குவாதலஹாராவில் ராத்திரி குளிர்கிறது என்று போன வாரம்தான் சொன்னாய். அப்பாவின் பழுப்புக் கம்பளியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை பார்சலில் போடுகிறேன்.

இன்றைக்கு வேலைக்குக் கிளம்புமுன் கூப்பிடு, இங்கே ராத்திரியாக இருந்தால் பரவாயில்லை. அவளைப் பற்றிச் சொல்லு. அவள் பெயர் இன்னும் என் வாயில் சரியாக நுழையவில்லை, முதலில் அதைச் சொல்லிக்கொடு.

அம்மா