எண்ணெயில் குறையில்லை, உங்கள் ஹீட்டரில்தான்

அனுப்புநர்:
நாட்டுக்கோழி வளர்ப்பவர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒரு பக்கமாக எரிந்து புகைவது குறித்து.

ஐயா,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் பல்பு போட்டிருந்தும் கரண்ட் இல்லாத ராத்திரியில் என்ன பிரயோஜனம்? முதல் வாரக் குஞ்சுக்கு 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். அதற்காகத்தான் உங்கள் காரைக்குடி முகவரிடம் ரூ.6,400 கொடுத்து இந்த ஹீட்டரை வாங்கினேன்.

நாலாம் நாள் ராத்திரி ஒரு பக்கம் மஞ்சளாக எரிந்து புகை கக்கியது. மறுபக்கம் திரி பிடிக்கவே இல்லை. விடியற்காலை போய்ப் பார்த்தால் குஞ்சுகள் குளிர் தாங்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அடியில் மாட்டிய 14 குஞ்சுகள் செத்துவிட்டன.

உங்கள் சேவை எண்ணில் மூன்று தடவை பேசினேன். மூன்று தடவையும் ஒரே பதில்: எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும். ரேஷன் கடை நீல எண்ணெயா என்றுகூடக் கேட்டார்கள். இல்லை, வெளியில் வாங்கிய வெள்ளை எண்ணெய். கண்ணாடி பாட்டிலில் ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தேன். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கியிருக்க வேண்டும், ஒரு சொட்டுகூட இல்லை. அதே எண்ணெயை எங்கள் ஆயா காலத்து அரிக்கேன் விளக்கில் ஊற்றினேன். கண்ணாடியில் கரி பிடிக்காமல் அழகாக எரிந்தது.

அப்புறம் ஹீட்டரைப் பார்த்தேன். புதுத்திரி போட்டு, ஒரு மணி நேரம் எண்ணெயில் ஊறவிட்டேன். மேலே இருக்கும் கம்பிக்கூண்டை இப்படியும் அப்படியும் திருப்பிச் சரியாக உட்காரவைத்தேன். கொட்டகைத் தரை சாய்வோ என்று வீட்டுக்குத் தூக்கிவந்து, வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ரசமட்டம் பிடித்து வைத்தேன். காற்றோ என்று ஹீட்டரையே திருப்பி வைத்தேன். எதற்கும் மசியவில்லை. கைப்பிடிப் பக்கம்தான் புகைகிறது.

கடைசியில் திரியை அளந்தால் அந்தப் பக்கம் மட்டும் 3 மில்லிமீட்டர் கூடுதல் உயரம். திரியில் பென்சிலால் கோடு போட்டு, கழற்றி, அரைச்சுற்று திருப்பி மாட்டினேன். கோடு இடம் மாறியது, உயரமான பக்கம் மாறவில்லை. குறை திரியில் இருந்தால் அதுவும் கூடவே சுற்றியிருக்கும் அல்லவா? ஆக, திரி ஏறும் குழாயே கோணலாக வந்திருக்கிறது. இதை நான் சீமெண்ணெய் மாற்றி எப்படிச் சரிசெய்வது?

அரைகுறையாக எரியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கொட்டகைப் படுதாவை அன்று கொஞ்சம் தூக்கிக் கட்டியிருந்ததால் மிச்சக் குஞ்சுகள் பிழைத்தன என்று நினைக்கிறேன்.

வேறு ஹீட்டர் கொடுங்கள், அல்லது ரூ.6,400-ஐத் திருப்புங்கள். குஞ்சு 45 ரூபாய் வீதம் 14 குஞ்சுக்கு ரூ.630 தனி. 15 நாளில் பதில் இல்லையென்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது.

ஆள் அனுப்புவதானால் சரி, அனுப்புங்கள். ஹீட்டரைத் துடைக்காமல் கரியோடு அப்படியே வைத்திருக்கிறேன். வருகிறவர் அளவுகோல் கொண்டுவரட்டும், எண்ணெய் இங்கே இருக்கிறது.

இப்படிக்கு,
கோட்டையூர் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், திரியின் இரண்டு புகைப்படங்கள்