சாம்பார் கவருக்கு ஒரு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடைகளில் பிளாஸ்டிக் சோதனை நடந்ததாக உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். காவிரிப் பாசனத்து ஊர் ஒன்றில் பதினேழு வருஷமாக இட்லிக் கடை வைத்திருக்கிறேன். காலை ஐந்தரைக்கு அடுப்பு மூட்டினால் ஒன்பதரைக்கெல்லாம் கடையைக் கட்டிவிடுவேன். அதற்குள் அறுபது எழுபது பார்சல் போகும்.

இட்லியால் தொந்தரவு இல்லை. எங்கள் பக்கம் வாழை இலைக்குப் பஞ்சம் கிடையாது. இலையில் வைத்து, பேப்பரில் மடித்துக் கொடுத்துவிடலாம். சாம்பார்தான் பாடாய்ப் படுத்துகிறது. கொதிக்கக் கொதிக்க மொண்டு கவரில் ஊற்றி, வாயை முறுக்கி நூல் சுற்றும்போது கவர் கையிலேயே குழையும். அப்போது ஒரு வாடை வரும். பருப்பு வாடையும் இல்லை, பெருங்காய வாடையும் இல்லை. அது சாப்பாட்டோடு சேரக் கூடாத வாடை என்று என் மூக்குக்குத் தெரியும். தெரிந்தேதான் கைக்குழந்தைக்கு இட்லி வாங்கிப் போகிறவர்களுக்கும் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தமிழக அரசு தடை போட்டது. கேரி பேக், சாப்பாடு மடிக்கும் ஷீட், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தெர்மாகோல் தட்டு, துணிபோலவே தெரிகிற நான்-ஓவன் பை எல்லாம் அதில் உண்டு. சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, முதல் இரண்டு மூன்று மாதம் எங்கள் ஊரில் கவர் கிடைக்கவே இல்லை. ஜனங்கள் தூக்குவாளியோடு வந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட டிபன் பாக்ஸை நீட்டியது. யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை. அப்புறம் மெல்ல மெல்ல மொத்தக் கடைகளில் கவர் மறுபடி தலைகாட்டியது. கொரோனா வந்து எல்லாமே பார்சல் என்று ஆனபோது நானும் பழையபடி வாங்க ஆரம்பித்துவிட்டேன்.

போன வருஷம் சோதனைக்கு வந்தவர்கள் என் கடையில் இருந்த கால் கிலோ கவரை எடுத்துக்கொண்டு ஐந்நூறு ரூபாய் அபராதம் போட்டார்கள். தப்பு என் மேல்தான், கட்டிவிட்டேன். ஆனால் இதை எங்கே வாங்கினாய், யார் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மறுநாளே அதே கவர் அதே விலைக்குக் கிடைத்தது.

என்னை மாற்றியது அந்த அபராதம் இல்லை. என் தம்பிக்கு மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்த அன்று, மடை அடைத்துக்கொண்டது என்று கூப்பிட்டான். தண்ணீருக்கு முன்னால் குப்பைதான் வந்திருந்தது. மண்வெட்டியால் இழுத்துப் போட்டோம். கறுத்துப்போன சேற்றோடு ஒரு கூடை கவர். பெரும்பாலும் சாம்பார் கவர். அடி மூலை கிழிந்து, மேல் முடிச்சு அவிழாமல் இருந்தது. நான் ரப்பர் பேண்ட் போட மாட்டேன், பக்கத்துப் பூக்கடையில் மிஞ்சுகிற பச்சை நூலால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டுவேன். அந்தக் கூடையில் ஏழு முடிச்சில் பச்சை நூல் இருந்தது. தம்பி அதைக் கவனிக்கவில்லை. நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரமே வீட்டில் கிடந்த பழைய பித்தளைச் சாமான்களைப் போட்டு, சின்ன எவர்சில்வர் தூக்குகள் முப்பது வாங்கினேன். நூறு ரூபாய் முன்பணம் கொடுத்தால் தூக்கோடு சாம்பார். தூக்கைத் திருப்பித் தந்தால் பணமும் திரும்பும். சொந்தப் பாத்திரம் கொண்டுவந்தால் ஒரு கரண்டி சாம்பார் கூடுதல். இப்போது மூன்றில் இரண்டு பங்குப் பார்சல் பாத்திரத்தில்தான் போகிறது. இதுவரை இரண்டு தூக்குதான் திரும்பி வரவில்லை.

மீதி ஒரு பங்குதான் எனக்குத் தீராத கவலை. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்து நிற்கிற மனிதரிடம் பாத்திரம் எங்கே என்று எப்படிக் கேட்பது? நூறு ரூபாய் முன்பணமும் அவரால் முடியாது. 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ நல்ல திட்டம். பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்களும் வந்தன. காய்கறி, மளிகைக்கு அது போதும். சாம்பாரை அதில் வாங்க முடியாதே.

நீலகிரியில் 2022-ல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தரும் முறை வந்தது. நீதிமன்றம் சொன்ன பிறகு வந்ததுதான், ஆனாலும் வந்தது. பிற மாவட்டங்களுக்கும் பரவியது. காட்டில் வீசிவிட்டுப் போகிற பாட்டிலை அந்தப் பத்து ரூபாய் திருப்பிக் கொண்டுவரும் என்றால், சாம்பார் தூக்கைக் கொண்டுவராதா? அரசு ஆஸ்பத்திரி வாசலிலும் பேருந்து நிலையத்திலும் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றுக்கு ஒரு சின்ன இடமும் தண்ணீர்க் குழாயும் கொடுங்கள். தூக்குகளை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். முன்பணம் இருபது ரூபாய்க்கு மேல் வேண்டாம், மீதியை அரசு ஏற்கட்டும். எந்தக் கடையில் வாங்கினாலும் அங்கே திருப்பித் தரலாம் என்று வையுங்கள். கழுவுவதற்கு வெந்நீர் என் கடையிலிருந்தே தருகிறேன்.

கூடவே, சோதனைக்கு வருகிறவர்கள் கவர் தயாராகிற இடத்திலிருந்தும், அது லாரியில் ஏறுகிற இடத்திலிருந்தும் தொடங்கட்டும். கால் கிலோ வைத்திருக்கிற என் கடைக்குக் கடைசியில் வரட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பால், தயிர், எண்ணெய் பாக்கெட்டுகளுக்குத் தடையிலிருந்து விலக்கு உண்டு. பால் பாக்கெட்டை வெட்டும்போது மூலையைத் தனியாகத் துண்டித்துவிடாமல், ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வெட்டுங்கள். பாக்கெட்டைப் பழைய பேப்பர்க்காரர் எடுத்துக்கொள்வார், அந்த நகத்தளவு துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். தம்பியின் மடையில் அதையும் பார்த்தேன்.

இப்படிக்கு,
இட்லிக் கடை நடத்தும் வாசகி,
தஞ்சாவூர் மாவட்டம்.